கட்டிப்போட்ட படகில் அளந்தது

சஹாபுதீனின் குரலைப் பழவேற்காட்டில் அறியாதவர் இல்லை. முகத்தை அறிந்தவர்கள் அதைவிடக் குறைவு. கல்யாண வீட்டில் பந்திக்கு அழைப்பது, காணாமல் போன குழந்தையின் சட்டை நிறத்தைச் சொல்வது, கரண்டு நிறுத்தம், சொட்டு மருந்து முகாம், எதுவானாலும் ஒலிபெருக்கியில் அவர்தான். அவசரப்படாமல் அடித்தொண்டையிலிருந்து வரும் குரல். அதை இனிமையான குரல் என்று சொல்ல முடியாது. நம்பத் தோன்றும் குரல், அவ்வளவுதான். நம்பத் தோன்றுவது வேறு, உண்மையாக இருப்பது வேறு என்பதை அவர் நாற்பது வயதைத் தாண்டிய பிறகே யோசிக்க வேண்டி வந்தது.

கடைத்தெருவில் வலையும் கயிறும் மிதவையும் விற்கும் குடும்பம். அண்ணன்மார் மூன்று பேர் கடையில் உட்கார்ந்துவிட்டதால் நான்காமவருக்கு அங்கே நிற்க மட்டுமே இடம் இருந்தது. அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஃபைபர் கம்பெனிக்கு விற்பனை வேலைக்குப் போனார். பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில், ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ. இரும்பு ஆலைகளின் தூசு படிந்து அந்தச் சாலையின் வேப்பமரங்கள் எல்லாப் பருவத்திலும் ஒரே நிறத்தில் நின்றன. கம்பெனியில் தண்ணீர்த் தொட்டி, கழிவறைக் கதவு, பூங்கா நாற்காலி செய்தார்கள். சுனாமிக்குப் பிறகு படகும் செய்தார்கள். ஃபைபரில் பூசும் ரெசின் பசையின் வாடை சட்டையில் ஏறிக்கொண்டு வீடு வரை வரும்.

"மீன் வாடன்னா சோப்பு போட்டா போவுது. இது இன்னாங்க, கபர் குழி வரைக்கும் கூட வரும் போல," என்பார் மனைவி குல்சும்.

துடுப்பு அந்தக் கம்பெனிக்குத் தற்செயலாக வந்தது. சென்னையில் படகுப் பந்தயம் விடும் மன்றம் ஒன்று தன் வெளிநாட்டுத் துடுப்புகளைப் போலச் சில செய்துதரச் சொன்னது. குழாய் போன்ற தண்டு, உள்ளே வெற்று. நுனியில் கோடரி வாய் போல ஒரு பக்கமாக அகன்ற பலகை. அச்சு செய்து, மாதிரி செய்து அனுப்பிய பிறகு மன்றம் வேண்டாம் என்றுவிட்டது. அச்சு மட்டும் மிஞ்சியது. அதைச் சும்மா போடக் கூடாது, மீனவர்களுக்கு விற்கலாம் என்று சொன்னது அன்புராஜ். கடம்பத்தூரிலிருந்து தினமும் வந்து போகும் இளம் பொறியாளர். கெட்டிக்காரர். சொல்வதைச் சோதித்துப் பார்க்காமல் சொல்ல மாட்டார். ஆபத்து அங்கேதான் இருந்தது.

கம்பெனி வளாகத்தில் படகுகள் ஒழுகுகின்றனவா என்று பார்க்க ஒரு நீளமான தொட்டி உண்டு. அதில் ஒரு படகை விட்டு, பின்பக்கம் கயிறு கட்டி, கயிற்றின் நடுவே தொங்குதராசு ஒன்றை மாட்டி, மறுமுனையைத் தூணில் கட்டினார் அன்புராஜ். வாட்ச்மேன் ஏறி உட்கார்ந்து பழைய மரத்துடுப்பால் வலித்தார். முள் ஒரு இடம் வரை போனது. பிறகு புதுத் துடுப்பு. முள் அதைத் தாண்டி நன்றாகவே போனது.

"பாத்தீங்களா பாய்? மூணுல ஒரு பங்கு ஜாஸ்தி. தண்ணிய விட மாட்டேங்குது."

"படகு நின்ன எடத்துலயே கீதே சார்," என்றார் சஹாபுதீன்.

"கட்டிப் போட்டிருக்கோம் இல்ல? அவுத்து விட்டா அவ்ளோ வேகம் போகும்."

சஹாபுதீன் தலையாட்டினார். அந்த இடத்தில் தலையாட்டாதவர் குறைவாகவே இருப்பார்கள். கட்டிப்போட்ட படகு எங்கும் போவதில்லை. போகாததால்தான் அதை அளக்க முடிந்தது. தண்ணீரை நன்றாகப் பிடிக்கும் பலகை வலிப்பவரின் தோளையும் அதே அளவு பிடிக்கும் என்பதைத் தராசு காட்டாது. வாட்ச்மேன் அன்று மாலை தோளைத் தடவிக்கொண்டிருந்தார். அதை அளக்க யாரும் எதுவும் வைத்திருக்கவில்லை.

பிறகு தண்டை இரண்டு முட்டுகளுக்கு நடுவே கிடத்தி, வலிக்கும்போது எந்தப் பக்கம் வளையுமோ அந்தப் பக்கமாகச் சிமெண்டு மூட்டைகளைத் தொங்கவிட்டார்கள். வளைந்தது, ஒடியவில்லை. எடையும் போட்டார்கள். மரத்துடுப்பில் பாதிகூட இல்லை. இப்படி மூன்று சோதனைகளிலிருந்து மூன்று வாக்கியங்கள் பிறந்தன. பொன்னேரியில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் சஹாபுதீன் அவற்றைப் பேசினார். கை வலிக்காது. தண்ணி நழுவாது. துடுப்பு ஒடியாது. மூன்றாவதற்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அன்புராஜ் கை காட்டினார். நிறுத்திய இடத்தில் சஹாபுதீன் மூச்சு இழுத்தது கேசட்டில் பதிந்துவிட்டது. அழிக்க வேண்டாம், அழுத்தமாக இருக்கிறது என்றார்கள்.

ஒலிபெருக்கி கட்டி வாடகைக்கு ஓடும் யேசுதாஸின் ஆட்டோ அந்தக் கேசட்டோடு குப்பம் குப்பமாகப் போனது. படகுத்துறையில் கம்பெனி ஒரு பந்தலும் போட்டது. துடுப்பு விற்றது. தேசப்பன் வாங்கியதும் அங்கேதான். ஐம்பதை நெருங்கிய மீனவர், வலது தோள் தேய்ந்து போனவர்.

"கை வலிக்காதுன்றியே, நெசமா பாய்? என் தோள்பட்ட பூட்ச்சி."

"தூக்கிப் பாரு தேசப்பா."

தூக்கிப் பார்த்தார். "தொடப்பக்கட்ட மாதிரி கீது. ஊட்ல வச்சா எங்கூட்டுக்காரி வாசல் பெருக்கிடுவா." பக்கத்தில் நின்ற மனைவி கன்னியம்மா, "நீ மட்டும் வாசல் பெருக்குனா மூட்டு தேஞ்சிடுமா?" என்றார். மூவரும் சிரித்தார்கள்.

அடுத்த ஐப்பசியில் தேசப்பன் முகத்துவாரத்தில் இறந்து போனார். மழைத் தண்ணீர் ஏரியிலிருந்து கடலுக்கு வேகமாக இறங்கிக்கொண்டிருந்த நாள். காலியான படகு அலையோரம் ஆடிக்கொண்டிருந்தது. மணல்திட்டின் ஓரத்தில் துடுப்பு ஒன்று செங்குத்தாக நின்றது. தண்ணீருக்கு மேலே சிறிது உயரத்தில் ஒடிந்திருந்தது. உடல் வடக்கே ஒதுங்கியது.

ஊர் இரண்டு காரணம் சொன்னது. நீரோட்டம் என்றார்கள். ஊத்திக்கொண்டு போயிருப்பான் என்றும் சொன்னார்கள். அவர் குடியை விட்டு வெகுகாலம் ஆகிறது என்று கன்னியம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்தார். துடுப்பை யாரும் குறை சொல்லவில்லை. ஆள் விழுந்த பிறகு படகு வந்து மோதி ஒடிந்திருக்கும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள்.

சஹாபுதீன் துக்கம் கேட்கப் போனார். சுவரோரம் அந்த ஒடிந்த துண்டு சாத்தியிருந்தது. பலகை முழுதும் சேறு இறுகிக் கிடந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெளியே யேசுதாஸின் ஆட்டோ வந்தது. கை வலிக்காது. தண்ணி நழுவாது. பிறகு அந்த மூச்சு. பிறகு, துடுப்பு ஒடியாது. வீட்டில் இருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு ஆட்டோ கடந்து போகும் வரை காத்திருந்தார்கள். ஒருவரும் சஹாபுதீனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவருக்கு அது எளிதாக இருந்திருக்கும்.

அதன் பிறகு வாக்கியங்களைவிட அந்த மூச்சுதான் அவரைத் துரத்தியது. தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கிய ஒருவன் இழுப்பது போன்ற மூச்சு. தொழுகைக்குக் கை கால் கழுவும்போது குழாய்ச் சத்தத்தில் அது வரும். ரயிலில் தூங்கி வழியும் ஆள் ஒருவர் அதை இழுப்பார். கும்மிடிப்பூண்டி ஆலைகளில் நீராவி திறக்கும் சத்தமும் அதுவாகவே கேட்டது. தன் குரல் தனக்கு முன்னால் எங்கோ நடந்து போய்க்கொண்டிருக்கிறது, தான் அதன் பின்னால் போகும் உடம்பு மட்டும் என்று அவருக்குத் தோன்றத் தொடங்கியது. "கண்ணு தொறந்துகினே தூங்குறீங்க," என்றார் குல்சும். ஓதி ஊதிய தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தார். குடித்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அவர் அன்புராஜிடம் போய் கேசட்டை நிறுத்தச் சொன்னார்.

"எந்த வார்த்த பொய் பாய்? சொல்லுங்க, அத எடுத்துடலாம்."

"ஒடியாதுன்றது."

"வலிச்சா ஒடியாது. மூட்ட தொங்க விட்டதுக்கு நீங்களே சாட்சி. ஃபைபர் நாரெல்லாம் அந்தப் பக்கம் தாங்குற மாதிரிதான் போட்டிருக்கோம். சேத்துல ஊன்றி பக்கவாட்டுல சாஞ்சா எப்படித் தாங்கும்? அது துடுப்பு பாய், ஊன்றித் தள்ளுற கோல் இல்ல."

"இங்க எல்லாரும் அப்படித்தான சார் ஊன்றுவாங்க. ஏரி முட்டியளவு. ஆழத்துல வலிப்பாங்க, மேட்டுல அதே துடுப்பக் குத்தித் தள்ளுவாங்க."

 அன்புராஜ் கேலியாக அல்ல, உண்மையாகவே புரியாமல் கேட்டார்: "எனக்குத் தெரியாது. நான் கடம்பத்தூர்க்காரன். உங்களுக்குத் தெரியுமே பாய், அப்பவே ஏன் சொல்லல?"

சஹாபுதீன் பிறந்ததிலிருந்து கரையில் நின்று பார்த்த காட்சி அது. காலையில் படகுகள் போகும்போது ஆட்கள் எழுந்து நின்று துடுப்பைச் சேற்றில் ஊன்றி உடம்பைச் சாய்ப்பார்கள். பார்த்துப் பார்த்து அது அவருக்கு அறிவாக இல்லாமல் வெறும் காட்சியாக ஆகிவிட்டிருந்தது. கடைக்காரக் குடும்பத்தில் யாரும் துடுப்பைப் பிடித்ததில்லை, அவரும்தான். கம்பெனிக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது கம்பெனிக்குத் தெரியவில்லை. பொய்யைச் சொன்னவர் என்று ஒருவர் இருந்தால் அவரைப் பிடித்துக் கேட்கலாம். இங்கே அப்படி ஒருவர் இல்லாமலேயே ஒரு பொய் ஊரைச் சுற்றி வந்தது. கேசட் நிற்கவில்லை.

மறுவருடம் மழைக்காலம் நெருங்கியது. மணல் மூடிய முகத்துவாரம் மறுபடி திறக்கும். தேசப்பனின் படகை இப்போது ஓட்டியது கன்னியம்மாவின் தம்பி பாக்கியராஜ். அவர் புதிதாக அதே துடுப்பில் ஒரு ஜோடி வாங்கியிருந்தார். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து சஹாபுதீனுக்கு ஒரே வேலைதான் மிஞ்சியது. மழைத் தண்ணீர் கடலுக்கு இறங்குவதற்குள் அந்தத் துடுப்பைப் பாக்கியராஜ் கீழே வைக்க வேண்டும்.

குப்பத்துக்குப் போனார். வலை பிரித்துக்கொண்டிருந்த பாக்கியராஜ் நிமிராமலே கேட்டுக்கொண்டார்.

"அத்தப் போட்டுட்டு பழைய மரத்த எடு பாக்கியராஜி. ஒடியும்."

"இரு இரு. காலைல ஆட்டோல ஒரு பாய் போனாரு. ஒடியாதுன்னாரு. மத்தியானம் ஒரு பாய் வந்து ஒடியும்ன்றாரு. நான் எந்த பாய் சொல்றதக் கேக்கறது?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "ஆட்டோல போற பாய்தான் சத்தமா சொல்றாரு," என்றார் ஒருவர். "கம்பெனில சண்டையா பாய்? வேற கம்பெனி தொடுப்பு விக்கறியா?" என்றார் இன்னொருவர்.

சஹாபுதீன் யேசுதாஸிடம் கெஞ்சி, கேசட் இல்லாமல் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நாள் ஆட்டோவில் போனார். சேற்றில் ஊன்றாதீர்கள், முகத்துவாரத்துக்கு எடுத்துப் போகாதீர்கள் என்று சொன்னார். மக்கள் வாசலுக்கு வந்து, "இன்னா, புது மாடலா?" என்று கேட்டார்கள். அவர் உண்மையைச் சொன்னாலும் அது விளம்பரமாகவே கேட்டது. அந்தக் குரலை அவர் ஏற்கெனவே விற்றுவிட்டிருந்தார். பாதி வழியில் மைக்கை அணைத்தார். அதன் பிறகு அவர் எந்தக் கல்யாணத்திலும் மைக் பிடித்ததில்லை. அடுத்த நாள் மறுபடி குப்பத்துக்குப் போனார்.

இந்த முறை கன்னியம்மாவும் இருந்தார். பாக்கியராஜுக்குச் சலித்துவிட்டது.

"பேஜாரு பண்ணாத பாய். ஒடியும்னா ஒடிச்சிக் காட்டு. தோ கீது போட்டு, தோ கீது தொடுப்பு. ஒடிச்சிட்டா நான் தொட மாட்டேன்."

சஹாபுதீன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் ஏறினார். படகுத்துறையை ஒட்டிய ஆழமில்லாத இடம். ஏரி கடல் பக்கமாக மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பாக்கியராஜ் பின்னால் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார். கரையில் ஆட்கள் சேர்ந்தார்கள். படகில் எழுந்து நிற்பதே அவருக்குப் புதிது.  துடுப்பைச் சேற்றில் ஊன்றி, பார்த்துப் பழகியது போல உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்தார். தண்டு வளைந்தது. ஒடியவில்லை. எடுத்து மறுபடி ஊன்றினார். ஒடியவில்லை.

"பிரியாணி சாப்ட்டு வந்து சாய் பாய், வெயிட்டு பத்தல," என்றது கரை.

அவர் தன் முழுப் பலத்தையும் கொடுத்து ஊன்றினார். இப்போது பலகை முழுதும் சேற்றுக்குள் போனது. படகு முன்னால் நகர்ந்தது. அவர் துடுப்பை இழுத்தார், வரவில்லை. கோடரி வாய் போன்ற அந்தப் பலகை தண்ணீரை விடாதது போலவே சேற்றையும் விடவில்லை. படகு காலடியிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. ஒரு கணம் அவர் உடம்பு படகுக்கும் துடுப்புக்கும் நடுவே கிடையாக நீண்டது. பிறகு காலுக்குக் கீழே படகு இல்லை. துடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கினார். அது மெல்லச் சாய்ந்து அவரை மார்பளவு தண்ணீரில் இறக்கியது. அப்போதும் அவர் கைகள் அதை விடவில்லை.

கரை சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. கன்னியம்மா சேலையோடு தண்ணீரில் இறங்கி வந்துகொண்டிருந்தார். அவர் அருகில் வந்து துடுப்பையும், அதைப் பிடித்திருந்த கைகளையும் பார்த்தார்.

"கைய ஏன் பாய் உடல?"

"இன்னா?"

"உட்டிருந்தா போட்லயே உயுந்திருப்ப. ஏன் உடல?"

சஹாபுதீன் யோசித்தார். அவசரமாகப் பதில் சொல்லக் கூடாத கேள்வி என்று மட்டும் தெரிந்தது. "வந்துடும்னு நெனச்சேன். கோலுன்னா வழுக்கிகினு வந்துடும்ல? இது வரல. இப்ப வரும், இப்ப வரும்னு இழுத்துகினே இருந்தேன். அதுக்குள்ள கீழ ஒண்ணும் இல்ல."

"நீ இன்னிக்கு ஏதாவது குடிச்சியா?"

"இல்லம்மா."

கன்னியம்மா கரையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார்.  ஒருவர் வேறு பக்கம் பார்த்தார். இன்னொருவர் வலைக்குத் திரும்பினார்.

பாக்கியராஜ் குதித்து இறங்கி, படகைப் பிடித்து நிறுத்திவிட்டு வந்து, துடுப்பை இப்படியும் அப்படியும் அசைத்துச் சேற்றிலிருந்து பிடுங்கினார். தண்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் தடவிப் பார்த்தார். "ஒடியலயே பாய்," என்றார். குரலில் கேலி இல்லை.

"ஒடியல," என்றார் சஹாபுதீன். "அங்கயும் மொதல்ல ஒடிஞ்சிருக்காது. அவரு தொங்கினப்புறம் ஒடிஞ்சிருக்கும். தெரியல."

"தோளு வலியோட தொங்கியிருப்பாரு," என்றார் கன்னியம்மா.

 தண்ணீர் அவர்கள் மூவரையும் சுற்றிக் கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஒனக்குக் கீழ தர தட்டிச்சா?"

"தட்டிச்சும்மா. ஒடனே தட்டிச்சு."

"அங்க தட்டாது," என்றார் பாக்கியராஜ். அவர் படகிலிருந்த இன்னொரு துடுப்பையும் எடுத்து, இரண்டையும் கரையில் மேட்டில் கொண்டுபோய்ப் போட்டார். அண்டைப் படகில் கிடந்த சவுக்குக் கோலை உருவினார். படகுக்காரர் கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. தன் படகில் ஏறி, கோலை ஒரு முறை ஊன்றிப் பார்த்தார். அது சேற்றிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. மறுபடி ஊன்றினார். படகு வடக்குப் பக்கமாகத் திரும்பிப் போனது.

சஹாபுதீன் மேலேற நினைத்தார். கன்னியம்மா நகரவில்லை. அவருக்குக் கேட்க இன்னும் இருந்தது. விழும்போது தண்ணீர் வாய்க்குள் போனதா? கண் திறந்திருந்ததா? படகு தூரம் போவது தெரிந்ததா, கூப்பிடத் தோன்றியதா? ஒவ்வொன்றுக்கும் சஹாபுதீன் தெரிந்ததை மட்டும் சொன்னார். தெரியாததைத் தெரியவில்லை என்றார். ஈர வேட்டி காலோடு ஒட்டிக் குளிர்ந்தது. கன்னியம்மா கேட்டு முடிக்கும் வரை நிற்பது என்று அவரும் தண்ணீரிலேயே நின்றார்.